சிம்ஸ் 4: போய்ச் சேரும் இடங்கள் நிறைய இருக்கின்றன, போகும் வழி எங்கே? (பயண யோசனைகளுக்கான இழை)

ஜன்னலோரம்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு சிம்ஸ் 4 கணினி விளையாட்டில் என் சிம் குடும்பத்தை (சிம் என்றால் நாம் ஆட்டுவிக்கும் மனிதர்) மவுண்ட் கொமொரேபி என்ற பனிமலை ஊருக்கு அனுப்பினேன். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மகனுக்கு வேலையில் விடுப்பு நாட்கள் சேரும்வரை பொறுத்திருந்தேன். ஆறு பேருக்கும் குளிர் உடை தேர்ந்தெடுத்தேன். அதற்கே முக்கால் மணி நேரம் போயிற்று, ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் போனை எடுத்து விடுமுறைக்குப் பதிவு செய்தேன். லோடிங் திரை வந்தது, பச்சை வைரம் சுற்றியது, ஆறு பேரும் பனியில் நின்றார்கள்.

அந்த இடத்தில் எனக்கு மனசு ஒட்டவில்லை. பாட்டி வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரை விட்டுக் கிளம்புகிறாள். அவள் கிளம்பியதை நான் பார்க்கவே இல்லை.

சின்ன வயதில் நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போவோம். சென்னையில் என்ன பார்த்தோம் என்பது பாதி மறந்துவிட்டது. விளக்கை அணைத்த பிறகு மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு அப்பாவும் எதிர் சீட்டுக்காரரும் பேசியதைக் கேட்டது மறக்கவில்லை. எனக்குப் பயணம் என்றால் அதுதான். சிம்ஸில் அது இல்லை.

என் யோசனை இது. ரயில் பெட்டியையே ஒரு லாட் (விளையாட்டில் கட்டி ஆடும் மனை) ஆக்க வேண்டும். நீளமான, குறுகலான லாட். படுக்கைகள், ஒரு சின்னக் கழிவறை, தள்ளுவண்டியில் சாப்பாடு கொண்டுவரும் ஒருவர், முன்பின் தெரியாத நான்கைந்து சிம்கள். ஜன்னலுக்கு வெளியே காட்சி நகர வேண்டும். மாலை ஏறினால் காலையில் இறங்க வேண்டும். அந்த இரவு முழுக்க நாம் விளையாட வேண்டும். தெரியாதவர்களோடு பேசலாம், சீட்டாடலாம், குழந்தை அழுதால் பக்கத்துப் படுக்கைக்காரர் எரிச்சலாவார், அல்லது எடுத்து வைத்துக்கொண்டு சமாதானம் செய்வார்.

உங்கள் யோசனைகளையும் எழுதுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

பழையசிம்மர்

நல்ல இழை தொடங்கியிருக்கிறீர்கள் அம்மா. 2000-இல் முதல் சிம்ஸ் வந்ததிலிருந்து ஆடுகிறேன் என்பதால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். நாம் கேட்பதில் பாதி ஏற்கெனவே இந்தத் தொடரில் இருந்தது.

2002-இல் வந்த வெக்கேஷன் பேக்கில்தான் (பேக் என்றால் விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) சிம்கள் முதல்முறையாக விடுமுறைக்குப் போனார்கள். ஒரே தீவு, அதில் கடற்கரை, காடு, பனி என்று மூன்று பகுதிகள். அங்கே கிடைத்த நினைவுப் பொருளை வீட்டு அலமாரியில் வைக்கும்போது வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்ல முடியும்.

எனக்கு உச்சம் என்றால் சிம்ஸ் 2-க்கு 2007-இல் வந்த பான் வாயேஜ். ட்விக்கி தீவு, த்ரீ லேக்ஸ், டகெமிசு கிராமம். மூன்று ஊருக்கும் மூன்று விதமான வணக்கம். டகெமிசுவில் போய் நம் ஊர்ப் பழக்கத்தில் கைகுலுக்கினால் சரியாக இருக்காது, அந்த ஊர்க்காரரிடம் குனிந்து வணங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ட்விக்கியில் ஹூலா, டகெமிசுவில் தாய்ச்சி, த்ரீ லேக்ஸில் மரக்கட்டை மேல் நின்று உருட்டுவதும் கோடாலி எறிவதும். கற்றது அத்தோடு போகாது. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த வணக்கம் சிம்மிடம் இருக்கும். சமையலறையில் நிற்கிற மனைவியைப் பார்த்து அவன் குனிந்து வணங்குவான். பயணம் அவனோடு வீட்டுக்கு வந்திருக்கிறது என்று புரியும். ரகசிய வரைபடம் கிடைத்தால் மட்டுமே போகக்கூடிய இடங்கள் வேறு. காட்டுக்குள் பிக்ஃபுட் இருந்தது, நட்பானால் அதைக் கூடவே வீட்டுக்கும் அழைத்துவரலாம்.

2009 நவம்பரில் சிம்ஸ் 3-க்கு வேர்ல்ட் அட்வென்சர்ஸ் வந்தது. எகிப்துக்கு அல் சிம்ஹாரா, சீனாவுக்கு ஷாங் சிம்லா, பிரான்சுக்கு ஷாம் லே சிம்ஸ். அதில் விசா என்று ஒன்று இருந்தது, இன்றும் நான் அதை நினைத்து வியக்கிறேன். முதல் தடவை போனால் சில நாட்கள்தான் தங்கலாம். அந்த ஊர் மக்கள் பலகையில் ஒட்டிவைக்கும் வேலைகளைச் செய்து கொடுத்தால் விசா புள்ளி கூடும், நிலை ஏறும், அடுத்த தடவை கூடுதல் நாள் தங்கலாம். மூன்றாம் நிலைக்குப் போனால் அங்கேயே ஒரு வீடு வாங்கலாம். ஊருக்கு உதவினால் ஊர் உன்னை ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் விதி. இதைவிட நல்ல பயண விதி ஒரு விளையாட்டில் நான் பார்த்ததில்லை.

ஆகவே என் கோரிக்கை எளிது. வணக்கமும் விசாவும் திரும்ப வர வேண்டும்.

நீலக்குடை

பழையசிம்மர் அண்ணா, விசா பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நான் 2022 அக்டோபரில் சிம்ஸ் 4 அடிப்படை விளையாட்டு இலவசமான பிறகு வந்தவன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கார். பெட்டியைப் பின்னால் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து, சாலையில் ஓட்டிப் போக வேண்டும். இன்ஸாய் என்ற இதே மாதிரி விளையாட்டில் கார் ஓட்ட முடிகிறது. சிம்ஸ் 3-இலும் முடிந்தது என்கிறார்கள். சிம்ஸ் 4-இல் கார் ஏன் வெறும் அலங்காரப் பொருளாக நிற்க வேண்டும்? முழு ஊரும் திறந்திருந்தால் பயணப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடுமே.

மேகக்கணக்கு

நீலக்குடை தம்பி, நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் எல்லா யோசனைகளும் முட்டி நிற்கின்றன.

சிம்ஸ் 3-இல் முழு ஊரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தது. நம் சிம் சமைத்துக்கொண்டிருக்கும்போது ஊரின் மறுகோடியில் யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அழகுதான். ஆனால் அத்தனை பேரும் எப்போதும் வழி தேடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சிம் எங்காவது சிக்கிக்கொண்டால் அது வழி தேடித் தேடி மொத்த ஊரையும் மெதுவாக்கும். அந்தக் காலத்துக் கணினிகளுக்கு அது பெரிய சுமை.

சிம்ஸ் 4 வேறு வழியில் போனது. நீங்கள் இருக்கும் லாட், அதைச் சுற்றியுள்ள தெரு, அவ்வளவுதான் ஒரு நேரத்தில் இயங்கும். அடுத்த லாட்டுக்குள் நுழைந்தால் லோடிங். இந்த அடித்தளத்தின் மேல் காரைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இருநூறு அடி ஓட்டுவீர்கள், தெரு முடிந்துவிடும், லோடிங் திரை வரும். டிஸ்கவர் யுனிவர்சிட்டி பேக்கில் வந்த சைக்கிளும் ஹார்ஸ் ராஞ்ச் பேக்கில் வந்த குதிரையும் தெருவுக்குள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் ஊர்விட்டு ஊர் போகும் உணர்வை அவற்றால் தர முடியாது.

ஜன்னலோரம் சொன்ன ரயில் பெட்டி இந்த அடித்தளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெட்டி மூடிய இடம். வெளியே இறங்க முடியாது. அதாவது ஒரே லாட்டை மட்டும் இயக்கினால் போதும். வெளியே நகரும் காட்சி வெறும் பின்னணிப் படம், அதில் யாரும் வழி தேட வேண்டியதில்லை. ஒரு லோடிங்கில் ஏறுகிறோம், ஒரு லோடிங்கில் இறங்குகிறோம். லோடிங் திரை இருக்கும் இடம் அதேதான், நடுவில் ஒரு இரவு முளைத்துவிட்டது. இதைச் செய்ய முடியாது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார்.

கப்பலுக்கும் இதே கணக்குதான். விமானத்துக்கும்.

நீலக்குடை

சரி அண்ணா, ஏற்றுக்கொள்கிறேன். கார் ஆசையை மூட்டை கட்டவில்லை, ஆனால் ரயிலுக்கும் ஒரு ஓட்டு.

ஓட்டுவீடு

நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சுற்றுலா பற்றி எழுதுகிறீர்கள். எனக்குப் பயணம் என்றால் ஊருக்குப் போவது.

சிம்ஸில் தூரம் என்று ஒன்று கிடையாது. என் சிம் மகள் வில்லோ கிரீக்கில் பிறந்து வளர்ந்தாள். படிப்பு முடித்துத் தோமராங்குக்குக் குடிபோனாள். 2023-இல் வந்த ஃபார் ரென்ட் பேக்கின் ஊர் அது, தென்கிழக்கு ஆசியச் சாயல், இரவுச் சந்தையெல்லாம் உண்டு. அவளுக்கு அங்கே ஒரு சின்ன வாடகை வீடு கட்டிக் கொடுத்தேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் போனை எடுத்து அழைத்தால் போதும், அம்மா வாசலில் நிற்கிறாள். தெருக்கோடியில் இருக்கும் சிநேகிதியும் அப்படித்தான் வருகிறாள், கடல் தாண்டி இருக்கும் அம்மாவும் அப்படித்தான் வருகிறாள். பிரிவே இல்லாத இடத்தில் சந்திப்புக்கு என்ன பெறுமதி?

நான் கேட்பது இதுதான். ஊர்களுக்கு நடுவே தூரம் வையுங்கள். பக்கத்து ஊர் என்றால் இப்போது போலவே போய்வரட்டும். தூரத்து ஊர் என்றால் டிக்கெட் காசு வேண்டும், விடுப்பு வேண்டும், முன்கூட்டியே திட்டம் வேண்டும். அப்படிப் போகும் மகளுக்கு வாசலில் வந்து நிற்கும் அம்மாவிடம் ஒரு தனி உணர்வு எழ வேண்டும். செண்டிமெண்ட் என்ற நீண்டகால உணர்வுகள் 2020 முதல் அடிப்படை விளையாட்டிலேயே இருக்கின்றன. நேசம், வருத்தம், கசப்பு என்று நாள் கணக்கில் நிற்கும். நெடுநாள் பிரிவுக்கு அதில் ஒன்று சேர்த்தால் என்ன?

அப்புறம் பெட்டி. ஊருக்குப் போகிற வீட்டில் ஒரு மாதமாகப் பெட்டி கூடத்தில் திறந்து கிடக்கும். அம்மம்மாவுக்குக் கம்பளிச் சட்டை, சித்தியின் பிள்ளைகளுக்குச் சொக்லேட், யாரோ சொல்லிவிட்ட மருந்து. குளியலறைத் தராசில் ஏற்றிப் பார்த்து, 23 கிலோவைத் தாண்டினால் ஒன்றை எடுத்து வெளியே வைத்து, எதை எடுப்பது என்று சண்டை. திரும்பும்போது அதே பெட்டியில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் வரும்.

சிம்ஸில் பெட்டியை ஒரு பொருளாகத் தாருங்கள். படுக்கை மேல் திறந்து வைக்க வேண்டும். இவ்வளவுதான் கொள்ளும் என்று ஓர் அளவு. எதை வைக்கிறோமோ அது மட்டும் அங்கே கிடைக்க வேண்டும். இப்போது சிம்மின் சட்டைப் பைக்குள் சோபாவே போகிறது. பெட்டி வந்தால் யாருக்கு என்ன கொண்டுபோகிறோம் என்பதே ஒரு விளையாட்டாகும். வாங்கியவர் அதை வீட்டில் எங்கே வைக்கிறார் என்று அடுத்த பயணத்தில் போய்ப் பார்க்கலாம்.

குரோயிங் டுகெதர் பேக்கில் விருந்தாளிகளைச் சில நாள் தங்க அழைக்கும் வசதி வந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். பாதி வழி வந்துவிட்டார்கள். மீதிப் பாதிதான் தூரம்.

ஜன்னலோரம்

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. பெட்டி யோசனை என் ரயில் யோசனையைவிட நல்லது. ரயில் இல்லாவிட்டாலும் பெட்டி வரட்டும்.

கடைசிநிறுத்தம்

மன்னிக்கவும், நான் மாற்றுக் கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். வாரத்தில் ஒரு நாள், அவர்கள் தூங்கிய பிறகு, ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதில் சிம்ஸ் ஆடுவேன். அந்த நேரத்தில் என் சிம் ஒரு இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்திருந்தால் எனக்கு வெந்நீர் ஊற்றுக் குளியல் எப்போது கிடைக்கும்? டிக்கெட், விடுப்பு, பெட்டி, எடை, காத்திருப்பு, இவையெல்லாம் நிஜ வாழ்க்கையில் எனக்கு நிறைய இருக்கின்றன. இவற்றை விட்டு வெளியே வரத்தான் ஆடுகிறேன். சட்டென்று போய்ச் சேரும் வசதியைத் தயவுசெய்து பறித்துவிடாதீர்கள்.

பழையசிம்மர்

அம்மா, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் ஒன்றரை மணி நேரம் எங்கள் ரயிலைவிடப் பெரியது.

ஆனால் சுடச்சுட ஒன்று சொல்கிறேன். வயது ஓடுவதை நிறுத்தலாம், பருவத்தின் நீளத்தை மாற்றலாம், தன்னிச்சையாக நடப்பதை அணைக்கலாம். சிம்ஸ் எப்போதுமே அப்படித்தான் பழகியிருக்கிறது. தூரத்துக்கும் அதே மாதிரி ஓர் அமைப்பு வைத்தால் போதும். அணைத்து வைத்தால் இப்போது இருப்பது போலவே நடக்கும்.

ஜன்னலோரம்

கடைசிநிறுத்தம், உங்களுடன் முழுக்க ஒத்துப்போகிறேன். டிக்கெட் பதிவு செய்யும்போதே வேகமான வழி, மெதுவான வழி என்று இரண்டும் இருக்கட்டும். இதில் யாருடைய விளையாட்டும் கெடக்கூடாது.

ஒன்று மட்டும் சேர்க்க ஆசை. நீங்கள் வாரம் ஒருமுறை ஆடுகிறீர்கள். ஒரு வாரம் முழுக்க அந்த ரயில் இரவை மட்டும் ஆடிப் பாருங்கள், சேரும் இடத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துவிடுங்கள். எனக்கென்னவோ அது உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

மலைப்பாதை

கொமொரேபி பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். நான் அந்த ஒரு ஊரில் மட்டுமே நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவழித்தவன்.

"போகும் வழி" சிம்ஸ் 4-இல் எங்குமே இல்லை என்று சொல்வது சரியல்ல. ஓர் இடத்தில் இருக்கிறது. கொமொரேபியைக் கொண்டுவந்த ஸ்னோவி எஸ்கேப் பேக்கில், அந்த ஊரின் யூகிமட்சு பகுதியிலிருந்து உச்சிக்கு ஏறும் குழு மலையேற்றம். அதற்குத் தயாரிப்பு வேண்டும். பாறை ஏறும் திறன் வேண்டும், உடல் வலு வேண்டும், கூட வருபவர்கள் யார் என்பதும் முக்கியம். வழியில் வானிலை மாறும், நின்று கூடாரம் போட்டு ஓய்வெடுக்க வேண்டியிருக்கும், குளிரில் உறைந்து சாகவும் வாய்ப்புண்டு. நான் முதல் தடவை ஏறியபோது என் சிம்மும் அவள் அண்ணனும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். பாதி மலையில் ஒரே இடத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. இறங்கும்போது பேசிக்கொண்டே இறங்கினார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை, வழி செய்துவைத்தது. உச்சியில் எடுத்த படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஆகவே அவர்களுக்கு இதைச் செய்யத் தெரியும். ஒரு மலைக்குச் செய்ததை ஒரு ரயிலுக்கும் ஓர் ஆற்றுக்கும் செய்ய வேண்டும், அவ்வளவே.

ரயில் என்று வந்தால் கொமொரேபிதான் முதலில் வர வேண்டும். அந்த ஊர் ஜப்பானின் சாயலில் அமைந்தது, ஜப்பானிலோ ரயில் பயணமே ஒரு பண்பாடு. ஸ்டேஷனில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கு எகிபென் என்று தனிப் பெயரே இருக்கிறது. ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனுக்கும் ஒவ்வொரு எகிபென். அந்த ஊரில் விளைவது, அந்தக் கடலில் கிடைப்பது அதில் இருக்கும். இன்னும் ஓடுகிற படுக்கை ரயிலும் உண்டு. சன்ரைஸ் செட்டோ, சன்ரைஸ் இசுமோ என்று இரண்டு. டோக்கியோவிலிருந்து இரவில் ஒன்றாக இணைந்து புறப்பட்டு, காலையில் ஒகாயாமாவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தகமட்சுவுக்கும் மற்றொன்று இசுமோவுக்கும் போகும்.

யோசித்துப் பாருங்கள், விளையாட்டில் அப்படி ஒரு ரயில். அதிகாலையில் பெட்டிகள் பிரியும்போது தூங்கிக்கொண்டிருக்கும் சிம் தவறான பெட்டியில் இருந்தால் வேறு ஊரில் போய் இறங்குவான்.

நீலக்குடை

மலைப்பாதை எழுதியது: "தவறான பெட்டியில் இருந்தால் வேறு ஊரில் போய் இறங்குவான்"

இது வேண்டும்! இப்போதைய விடுமுறையில் எதுவுமே தவறாக நடப்பதில்லை. நான் ரயிலைத் தவறவிட வேண்டும். என் துணிப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விட வேண்டும், இரண்டு நாள் அதே சட்டையோடு சுற்ற வேண்டும். மழையில் மாட்டிக்கொண்டு யார் வீட்டுத் திண்ணையிலோ ஒதுங்கி அவர்களோடு நட்பாக வேண்டும். கல்லூரியில் நாங்கள் கொடைக்கானல் போனபோது வழியில் பேருந்து நின்றுவிட்டது. நான்கு மணி நேரம் சாலையோரம். இன்றைக்கும் எங்கள் கூட்டம் சேர்ந்தால் கொடைக்கானலைப் பற்றிப் பேச மாட்டோம், அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுவோம்.

பழையசிம்மர்

தம்பி, பான் வாயேஜில் விடுமுறை ஊர்களில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பணத்தை அடிக்கும் ஏமாற்றுக்காரன் ஒருவன் சுற்றுவான். என் சிம் அவனிடம் மாட்டியது உண்டு. நீங்கள் கேட்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

வணக்கத்துக்கும் இப்போதைய விளையாட்டில் ஒரு விதை உண்டு என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். 2018-இல் வந்த ஜங்கிள் அட்வென்சரில் செல்வடொராடா பண்பாடு என்று ஐந்து நிலைத் திறன் இருக்கிறது. உள்ளூர் மக்களோடு பேசப் பேச வளரும். அவர்கள் நடனமும் கற்கலாம். ஆனால் அந்த ஒரு ஊரோடு நின்றுவிட்டது. கொமொரேபிக்கு அப்படி ஒன்று இல்லை. சுலானி, டார்டோசா, தோமராங் எதற்கும் இல்லை. சுலானியில் ஆறு மாதம் குடியிருந்தவனும் நேற்று வந்தவனும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் இதை நீட்டினால், அதன் மேல் விசா மாதிரி ஒன்றை வைத்தால், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று. கிரானைட் ஃபால்ஸும் செல்வடொராடாவும் விடுமுறைக்கு மட்டுமான ஊர்கள், குடியேற முடியாது. பலர் அதைக் குறை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பி வர வேண்டிய ஓர் இடமாவது இருக்கட்டும். வீடு வாங்கிவிட முடியும் என்றால் விடைபெறுதல் என்பதே போய்விடும்.

ஓட்டுவீடு

அண்ணா, கடைசி வரிக்கு நான் உடன்பட மாட்டேன். யாருக்கோ செல்வடொராடாதான் பிறந்த ஊர். அங்கே சந்தையில் நிற்கும் பெண் எங்கே தூங்குகிறாள்? அவளுக்கு ஒரு வீடு வேண்டாமா? சுற்றுலாவாசிக்கு விடைபெறும் இடம், அவளுக்கு அது வாசல். அங்கே ஒரு குடும்பத்தை வைத்து, பயணிகள் வந்து போவதை அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து ஆட எனக்கு ஆசை.

பழையசிம்மர்

நீங்கள் சொல்வது சரி. நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை. என் வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மேகக்கணக்கு

ஓட்டுவீடு அக்கா சொன்ன தூரத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் எல்லா ஊர்களும் ஏற்கெனவே தனித்தனிச் சின்னங்களாக இருக்கின்றன. எந்த ஊர் எதற்கு அண்டை என்று ஆடுபவரே கோடு போட்டுக்கொள்ளும்படி விட்டால் போதும். என் கதையில் வில்லோ கிரீக்கும் நியூகிரெஸ்டும் பக்கத்துப் பக்கத்து ஊர், உங்கள் கதையில் கடல் நடுவே இருக்கலாம்.

2025 அக்டோபரில் வந்த அட்வென்சர் அவெய்ட்ஸ் பேக்கை யாராவது இதற்குப் பயன்படுத்திப் பார்த்தீர்களா? எத்தனை நாள், யார் யார் வருவது, எந்த வேளையில் என்ன செய்வது என்று பயணத்தின் நிகழ்ச்சி நிரலை அதில் நாமே அமைக்கலாம். கோடைக்கால முகாம் மாதிரியானவற்றுக்காகச் செய்திருக்கிறார்கள். ஆனால் நிரலின் முதல் நாளாக ஒரு பயண இரவை வைக்க விட்டிருந்தால் நாம் கேட்பது கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

கடைசிநிறுத்தம்

மாற்றுக் கருத்து சொன்னவளே ஒரு யோசனையும் சொல்கிறேன். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், பூனைக்குச் சாப்பாடு வைப்பார்கள். நாம் திரும்பி வரும்போது அவர்களுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டும். வாங்கி வர மறந்தால் முகம் வாடட்டும். இதற்கு லோடிங் எதுவும் வேண்டாம் இல்லையா?

மேகக்கணக்கு

வேண்டவே வேண்டாம். இந்த இழையிலேயே செலவு குறைந்த யோசனை இது. ஒரு புதுப்பிப்பில் இலவசமாகவே தரலாம்.

ஜன்னலோரம்

நான்கு நாளாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ரயில் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

20க்கு 15 லாட், விளையாட்டில் இருப்பதிலேயே சின்னது. மேடைக் கருவியால் பெட்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தினேன், அதனால் படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். ஒரு பக்கம் நடைபாதை, மறுபக்கம் மூன்று தடுப்பறை. 2021-இல் இலவசமாக வந்த அடுக்குக் கட்டில்கள் இரண்டு அறைகளில். நடு அறையில் மேசையும் எதிரெதிர் பெஞ்சும். கோடியில் கழிவறை. சாப்பாட்டுக்கு அவுட்டோர் ரிட்ரீட் பேக்கின் குளிர்ப்பெட்டியை வைத்தேன். ஜன்னல்கள் முழுக்க ஒரே வரிசை. லாட்டை வீடாக வைக்காமல் பொது இடமாக வைத்தேன், அப்போதுதான் தெரியாத சிம்களும் வருவார்கள்.

நானே எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். கொமொரேபிக்குப் போக வேண்டுமென்றால் முந்தின மாலை குடும்பத்தோடு இங்கே வர வேண்டும், விடியும்வரை இங்கேயே இருக்க வேண்டும். வெளியே காட்சி நகராது. அது மட்டும் என்னால் முடியவில்லை.

நேற்று ஆடிப் பார்த்தேன். தாத்தா ஏறியதும் படுத்துவிட்டார். பெரியவள் நடைபாதையில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தாள். பாட்டி நடு அறையில் உட்கார்ந்திருந்தாள். எதிர் பெஞ்சில் எனக்குத் தெரியாத ஒரு வயதான சிம் வந்து உட்கார்ந்தான். நான் எதையும் அழுத்தவில்லை. இருவரும் தாமாகவே பேச ஆரம்பித்தார்கள். இரவு இரண்டு மணிவரை பேசினார்கள்.

ஓட்டுவீடு

அவர் பெயர் என்ன?

ஜன்னலோரம்

பார்க்க மறந்துவிட்டேன் அக்கா. காலையில் அவர் போய்விட்டார். பாட்டியின் உறவுப் பட்டியலில் இருப்பார், இன்று இரவு திறந்து பார்க்கிறேன்.

மலைப்பாதை

ரயில் பெட்டியைக் கேலரியில் (ஆடுபவர்கள் கட்டியதைப் பகிரும் இடம்) ஏற்றுங்கள். என் மலையேற்றக் குழுவை அதில் அனுப்ப வேண்டும்.

கடைசிநிறுத்தம்

எனக்கும். சனிக்கிழமை இரவு ஆடுவேன்.